சூடம் அணைத்துச் சொன்ன சொல்

அன்று மதியம் பேக்கிங் ஹாலில் எட்டுப் பேர் இருந்தோம். முதலாளி, சரக்கின் தரத்தைச் சோதிக்க, அதை வாங்குகிற பையர் அனுப்பியிருந்த க்யூசி, மெக்கானிக் துரை, மூன்றாவது லைனில் தைக்கிற ரேவதி, சுமதியக்கா, ஜெபக்கனி, ஒடிசாவிலிருந்து வந்த தீபக், அந்த லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்த நான். சுவரில் முருகன் படம் இருந்தது. சூடம் ஏற்றியது அந்தப் படத்துக்கு முன்னால்தான். ஆகவே ஒன்பது பேர் என்று எழுத வேண்டுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எட்டு என்று எழுதி, அடித்து, ஒன்பது என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடியும் எட்டு என்றே எழுதியிருக்கிறேன். எண்ணிப் பார்க்க முடிந்ததை மட்டும் எழுதுகிற பழக்கத்துக்கு நான் ரொம்பத் தாமதமாக வந்தவன். அந்தத் தாமதத்தால் ஒரு பெண்ணின் வேலை போனது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

லைனுக்குப் புதிதாக வந்திருக்கிற சூப்பர்வைசர்களுக்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். மெஷின், தையல், அளவு எல்லாம் சொல்லிக்கொடுக்க உங்களுக்கு ஆள் இருக்கிறது. நீங்கள் டிப்ளமோ படித்தவர்கள். நான் ஏழாவதோடு நின்றுவிட்டு, டெய்லர் தைத்துப் போடுகிறதை வாங்கி மடித்து அடுக்குகிற கைமடி வேலைக்கு பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவன். பயம் அதிகம். வீட்டைப் பூட்டிப் பாதி வழி வந்து, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள். லைனிலும் அப்படித்தான். அளவு டேப்பைச் சந்தேகப்பட்டு இன்னொரு டேப் வைத்து அளப்பேன். இப்படிப்பட்டவனிடம் தப்பே வராது என்று நினைத்துவிடாதீர்கள். பத்து இடத்தைத் துருவித் துருவிப் பார்த்த களைப்பில், பதினோராவது இடத்தில் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பயந்த ஆளுக்கு ஒரு வசதி உண்டு. சாமியைச் சொல்லிவிடலாம். லாரி வந்து நிற்கும், இன்னும் பாதிச் சரக்கைப் பார்த்திருக்க மாட்டோம். "முருகன் பாத்துக்குவாரு, ஏத்துங்க" என்பேன். ஒரு தடவை பட்டனை இழுத்துப் பார்க்காமல் நூறு உருப்படியை அப்படித்தான் அனுப்பினேன். அத்தனையும் திரும்பி வந்தது. பெட்டியை இறக்கும்போது துரை கேட்டான்: "ஏனுங்ணா, அன்னிக்கு முருகன் பட்டன் செக்கிங்குக்கு வர்லீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் விடவில்லை. செய்யாமல் விட்ட வேலையை மூட அதைவிட அகலமான துணி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, அந்த மதியத்துக்கு வருகிறேன்.

சரக்கு கைக்குழந்தை உடுப்பு. குழந்தை உடுப்புத் தைக்கிற லைனில் ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உடைந்த துண்டு எல்லாவற்றையும் டெய்லர் பொறுக்கிக் கொண்டுவர வேண்டும். சூப்பர்வைசர் அவற்றை ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசியின் நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினில் போன உருப்படிகளைத் தனியாக ஒதுக்க வேண்டும்.

க்யூசி ஒரு உடுப்பை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிக்கொண்டே வந்தவர், கையைச் சட்டென்று எடுத்தார். விரலில் ஒரு சொட்டு ரத்தம். மடிப்புக்குள் ஊசி நுனி இருந்தது. எள்ளில் பாதிகூட இருக்காது. அதை எடுத்து வெள்ளைக் காகிதத்தில் வைத்து முதலாளியின் பக்கம் நகர்த்தினார்.

"ஆறு மாசக் குழந்தை போடறதுங்க இது" என்றார். எல்லாப் பெட்டியையும் பிரித்து, துணிக்குள் இருக்கிற ஊசித் துண்டைக் காட்டுகிற டிடெக்டர் மெஷினை வாடகைக்கு வரவழைத்து, ஒவ்வொன்றாக விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஊசி நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். அது அந்த வாரம்தான் ஆரம்பித்த புது நோட்டு. அதில் எல்லாம் சரியாக இருந்தது. பழைய நோட்டு பீரோவுக்குள் இருந்தது. அதை அவர் கேட்கவில்லை. எடுத்துக் காட்டலாம் என்று எனக்கும் தோன்றவில்லை.

துணிக்கட்டோடு வருகிற பண்டில் சீட்டில் மூன்றாவது லைன் என்று இருந்தது. அந்த உடுப்பு நாலு டெய்லர் கையிலும் போய் வந்தது. எந்த மெஷினில் விழுந்தது என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. "ஊசி உடையறது தப்பில்லீங்க. மறைச்சதுதான் தப்பு. யாருன்னு இப்பச் சொல்லிட்டா இத்தோட போச்சு" என்றார். ஒருவரும் முன்வராததும் அவர் படத்தைப் பார்த்தார். தறி ஓட்டிய காலத்திலிருந்தே முருகனைக் கும்பிடுகிற குடும்பம் அவருடையது. "அப்பச் சாமி முன்னால சொல்லுங்க. துரை, சூடம் கொண்டாங்க."

துணி அடுக்கியிருக்கிற இடத்தில் நெருப்பா என்று எனக்குப் பதறியது. ஓடிப்போய் மணல் வாளியைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். க்யூசி நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்து, "இதெல்லாம் என் ரிப்போர்ட்ல வராதுங்க" என்று மட்டும் சொன்னார்.

நான்தான் முந்திக்கொண்டேன். சூப்பர்வைசர் முதலில் செய்தால் மற்றவர்களுக்குப் பயம் போகும் என்று ஒரு நினைப்பு. உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். "முருகன் சாட்சியாச் சொல்றேனுங்க. எங்கிட்ட வந்த எந்த ஊசியிலயும் ஒரு துண்டு குறையல. குறைஞ்சிருந்தா என் பசங்களுக்கு ஆகாமப் போகட்டும்." கை சுட்டது. மனது லேசாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. சொன்னதை முழுவதும் நம்பினேன்.

துரை மறுபடி ஏற்றினான். சுமதியக்கா அணைத்தார். ரேவதி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நான் எதையும் மறைக்கலீங்க" என்று சொல்லி அணைத்தாள். தீபக்குக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. "க்யா போல்னா ஹை, பையா?" என்று, என்ன சொல்ல வேண்டும் எனத் துரையைக் கேட்டான். துரை கையைக் காட்டிச் செய்துகாட்ட, அவன் ஹிந்தியில் ஏதோ சொல்லி அணைத்தான்.

"முருகனுக்கு ஹிந்தி புரியுங்களா?" என்றார் சுமதியக்கா, மெதுவாக.

"இத்தனை வருசமாத் திருப்பூர்ல இருக்காருங்க்கா. நம்மளவிட நல்லாவே பேசுவாரு" என்றான் துரை. முதலாளியே சிரித்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஜெபக்கனி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். சாத்தான்குளம் பக்கத்துக்காரி. கல்யாணமாகித் திருப்பூர் பக்கம் அருள்புரத்துக்கு வந்தவள், ஐந்து வருடமாக என் லைனில் இருந்தாள்.

"என்னால முடியாதுண்ணே."

முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். "ஏனுங்கம்மா? உங்க சாமி மேல சொல்லுங்க. நமக்கு எல்லாச் சாமியும் ஒண்ணுதானுங்க."

"எந்தச் சாமி மேலயும் சத்தியம் பண்ண மாட்டோம் சார். எங்க சபையில அப்படித்தான். ஆண்டவர் பேர இதுக்கெல்லாம் இழுக்க மாட்டோம். கேளுங்க, சொல்லுதேன். என் மெஷின்ல ஊசி ஒடியல. மத்த மெஷின் எனக்குத் தெரியாது."

"அதையேதானுங்கம்மா சாமி பேரச் சொல்லிச் சொல்லச் சொல்றேன். அதுல என்ன கஷ்டம்?"

"பேரச் சொன்னா நான் சொன்னது இன்னுங் கொஞ்சம் உண்மையாயிருமா சார்?"

அவளுக்காக ஏற்றிய சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. அது தீர்ந்தபோதே முதலாளி முடிவு செய்துவிட்டார் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

அவள்தான் செய்தாள் என்று நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. அவள் தையலை ஐந்து வருடமாகப் பார்க்கிறேன். நூல் அறுந்தால்கூடக் கையைத் தூக்கிச் சொல்கிறவள். ஆனால் நாங்கள் எல்லோரும் அணைத்துவிட்டோம், மிச்சம் நிற்பது அவள் ஒருத்தி. அந்தக் கழித்தல் கணக்கு என் வாயை அடைத்துவிட்டது.

சனிக்கிழமை சம்பளம் போட்டார்கள். ஜெபக்கனியை இனி வர வேண்டாம் என்றார்கள். அந்த வாரச் சம்பளத்தையும், சேர்ந்தபோது கம்பெனி பிடித்து வைத்திருந்த ஒரு வாரச் சம்பளத்தையும் டிடெக்டர் மெஷின் வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் கேட்டில் எனக்காகக் காத்திருந்தாள்.

"அண்ணே, திங்கக்கிழம பிள்ளைக்கு பீஸ் கட்டணும்னு உங்கட்ட சொல்லியிருந்தேன்லா."

"கடவுள் ஒரு வழி காட்டுவாரும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அந்த வாக்கியத்தோடு நான் மூன்று நாள் இருந்தேன். வழி தெரியாதவன் நான், காட்டாதவன் நான், கடவுளின் பெயரைப் போட்டு அவளை அனுப்பிவைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் போன பிறகு, பழைய நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினேன். நாலாவது பக்கத்தில் மூன்று துண்டு ஒட்டியிருந்தது. புது ஊசி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீளம் குறைந்தது. நுனி இல்லை. டெய்லர் பெயர் ரேவதி. கீழே என் கையெழுத்து, வழக்கம்போல ஒரு கோடும் இரண்டு புள்ளியும்.

ரேவதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"ஆமாங்ணா. நுனி கெடைக்கலைன்னு அன்னிக்கே சொன்னேனுங்க. லாரி நிக்குது, தரையில எங்கியாச்சும் போயிருக்கும், போய்த் தைய்யி கண்ணுன்னு சொன்னீங்க."

எனக்கு லாரி ஞாபகம் வந்தது. அவள் சொன்னது ஞாபகம் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

"முதலாளி கேட்டப்பச் சொல்லியிருக்கலாமே கண்ணு."

"எப்படிங்ணா சொல்றது? நீங்க மொதல்லயே அணைச்சுப்போட்டீங்க. பசங்க மேல வேற சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் வாயத் தொறந்தா அது பொய்ச் சத்தியம்னு ஆயிருமுங்களே. நாளைக்கு உங்க ஊட்டுல யாருக்காச்சும் ஒண்ணுன்னா?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் சொல்லலீன்னா சாமிக்குத் தெரியாதுன்னு நெனைக்கலீங்க. ஆனா என் வாயில வர வேண்டாம்னு நெனைச்சேன். ஜெபக்கனிக்கு இப்படி ஆகும்னு தெரியாதுங்ணா."

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும்.

கடவுளைப் பற்றிப் பேச மனிதனின் பேச்சுக்குத் தகுதி உண்டா என்று படித்தவர்கள் யோசித்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தது லைன்தான். காட்டன் என்று சொன்னால் ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கலாம். இத்தனை கிராம் துணி என்று சொன்னால் நிறுத்துப் பார்க்கலாம். முருகன் சாட்சி என்று நான் சொன்னேனே, அதை எதில் வைத்துப் பார்ப்பது? பார்க்க வழியில்லாத வார்த்தை வெறும் சத்தம் என்று விட்டுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. வெறும் சத்தத்துக்காக ரேவதி தன் வாயை மூடிக்கொள்ள மாட்டாள். என் பிள்ளைகளுக்கு ஆகாமல் போய்விடுமே என்று அவள் பயந்தாள். அந்த வார்த்தைக்கு அவள் கொடுத்த மரியாதையில் பத்தில் ஒரு பங்கு நான் கொடுத்திருந்தால், அணைப்பதற்கு முன் பழைய நோட்டைத் திறந்திருப்பேன். எனக்குத் தெரியாத ஒன்றை, தெரியும் என்று சொல்வதற்கு அந்தப் பெயரை எடுத்தேன். அந்தப் பெயர் வந்து உட்கார்ந்ததும், தெரிந்தவள் பேச முடியாமல் போனது. அன்று அந்த ஹாலில் தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொன்னவள் ஒருத்திதான். அவள்தான் சாமி பேரைச் சொல்ல மாட்டேன் என்றவள்.

முதலாளியிடம் நோட்டைக் கொண்டுபோக எனக்கு இரண்டு நாள் பிடித்தது. வேலை போய்விடும் என்று பயம். ரிட்டையராக இரண்டு வருடம் இருந்தது. வியாழக்கிழமை கொண்டுபோனேன். அவர் ஊசியை வைத்துத் தானே அளந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க மணி. பொய்ச் சத்தியமா ஆயிருச்சே. நம்ம கம்பெனிக்குள்ள, நம்ம படத்துக்கு முன்னால."

"ஜெபக்கனிய மறுபடி கூப்பிட்டு, பணத்தக் குடுத்துரலாமுங்க."

"அது அப்புறமுங்க. மொதல்ல சிவன்மலை முருகன் கோயிலுக்குப் போகோணும்."

மறுநாள் காலையில் காரில் என்னை ஏற்றிக்கொண்டு காங்கேயம் ரோட்டில் போனார். ஜெபக்கனியிடம் பிடித்த பணத்தை ரூபாய் குறையாமல் ஒரு கவரில் எடுத்துவந்திருந்தார். சன்னதியில் கண்ணில் தண்ணீர் வர நின்றார். கவரை உண்டியலில் போட்டார். படியிறங்கும்போது சொன்னார். "அந்தப் பணம் நம்ம கையில இருக்கக் கூடாதுங்க மணி. சாமிகிட்டச் சேர்ந்துருச்சு. இனி தீந்துது."

அவரைத் தப்பாக நினைக்காதீர்கள். என்னை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை; அந்தத் தொகை அவருக்குப் பெரிதும் இல்லை. உண்மையாகவே தீர்ந்துவிட்டது என்று நம்பினார். நான் அவர் பக்கத்தில் நின்று, கை கூப்பி, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். "சாமிகிட்ட நாம பேசியாச்சுங்க, அந்தப் பொண்ணுகிட்ட யாருங்க பேசறது?" என்ற கேள்வி, ஊருக்குத் திரும்பி வந்து கார் பல்லடம் ரோட்டில் திரும்பும்போதுதான் எனக்கு வந்தது. அதையும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அருள்புரத்துக்குப் போனேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. ஜெபக்கனி சபைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். வாசலில் எப்போதும் நிற்கிற அவள் வீட்டுக்காரரின் வண்டி இல்லை.

"அடகுல இருக்குண்ணே. பீஸ் கட்டியாச்சு. உக்காருங்க."

நோட்டில் கண்டதைச் சொன்னேன். என் கையெழுத்து என்று சொன்னேன். பிறகு வழக்கம்போல என் வாய் ஓடியது. "ஆண்டவன் உன்னச் சோதிச்சுட்டாம்மா."

"அவர ஏண்ணே இதுல இழுக்குதீங்க? ஊசி ஒடிஞ்சிச்சி. நீங்க பாக்காமக் கையெழுத்துப் போட்டீங்க. அம்புட்டுத்தானே."

அம்புட்டுத்தான். என் சொந்தப் பணத்தை எண்ணி எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது உங்க காசுல்லா. எங்கிட்டப் பிடிச்சது கம்பெனி. நீங்க குடுத்து நான் வாங்கிட்டேன்னா, உங்களுக்குப் பாரம் எறங்கிரும். ஜெபக்கனி ஊசிய மறைக்கலன்னு கம்பெனி எப்ப சொல்லும்?"

மலையில் உண்டியலில் போட்ட கதையைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"சாமிக்கு எதுக்குண்ணே எங்க வீட்டு வண்டிக் காசு?"

நான் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "ஜெபத்துல நீ என்னம்மா பேசுவ? அவரப் பத்தி எதுவும் சொல்லாம எப்படி?"

"அவரப் பத்தி எனக்கு என்னண்ணே தெரியும்? பாஸ்டர் நல்லாச் சொல்லுவாரு. எனக்குச் சொல்ல வராது. நான் அவர்ட்டப் பேசுவேன். இன்னைக்கு இது நடந்திச்சி, வயிறு எரியுதுன்னு சொல்லுவேன். பெறகு சும்மா இருப்பேன்."

அவள் சொன்னது எனக்கு முழுவதும் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன். அவரிடம் பேசுகிறவள் அவரைப் பற்றி ஏதோ ஒன்றை நினைத்துக்கொண்டுதானே பேச முடியும் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்தது. அவள் பேச்சு யாருடைய வாயையும் அடைப்பதில்லை. நான் இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறேன். முருகா என்கிறேன். அதற்கு மேல் வாக்கியம் கட்டுவதில்லை.

மறுநாள் அந்தப் பழைய நோட்டில் என் கையெழுத்துக்குக் கீழே, "நுனி இல்லை என்று டெய்லர் சொன்னார். நான் பார்க்கவில்லை. ஜெபக்கனிக்கு இதில் சம்பந்தம் இல்லை" என்று எழுதினேன். மதியம் மெஷின் நின்றதும் மூன்றாவது லைன் நடுவில் நின்று அதையே சத்தமாக வாசித்தேன். சூடம் இல்லாமல். ரேவதி அழுதாள். "சாமி பேரு இல்லாமயே முழு வாக்கியமாச் சொல்லிப்போட்டீங்ணா" என்றான் துரை. அவன் கிண்டல் செய்தானா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு தீபாவளி போனஸ் சமயத்திலும் ஜெபக்கனியின் பணத்தை முதலாளியிடம் கேட்டேன். "சாமிக்குக் கட்டியாச்சுங்களே மணி" என்று இரண்டு தடவையும் வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு நான் ரிட்டையராகி வந்துவிட்டேன்.

உங்களிடம் ஒரு நாள் லாரி நிற்கும்போது ஒரு டெய்லர் வந்து ஒரு துண்டு குறைகிறது என்று சொல்லுவாள். அப்போது உங்கள் வாயில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். சாமி பெயர் வந்தால், அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, உருப்படியை ஒதுக்குங்கள். தெரியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெரியாது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஆபீசில் இதை டைப் செய்கிறவர்கள் இந்தக் கடைசி வரியை எடுத்துவிட வேண்டாம். கம்பெனி ஜெபக்கனிக்கு இன்னும் கொடுக்க வேண்டியது ஆறாயிரத்து நானூறு ரூபாய்.